வீடியோ கிரிவலம் போகட்டும்!



தீபத்தன்று நம்ம ஊரில் யாருடைய செல்போனை வாங்கிப் பார்த்தாலும் ஒரு வேடிக்கை தெரியும். சிக்னல் கோடுகள் எல்லாம் முழுசாக நிற்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு 'வணக்கம்' கூடப் போகாது. அந்தச் சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஜனங்க மலையைச் சுத்துறாங்க, போன் தன்னையே சுத்துது" என்று எங்கள் வகுப்பில் கிண்டல் செய்வார்கள்.

சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை. இது எப்படி? டிப்ளமோ கம்ப்யூட்டர் படிக்கிற நம்மிடம் யாராவது இதைக் கேட்டால் "கூட்டம் அதிகம்பா" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம். கூட்டம் அதிகம் என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன என்பதுதான் கேள்வி. மென்பொருளால் கட்டுப்படுத்தப்படும் நெட்வொர்க், சுருக்கமாக எஸ்.டி.என்., என்ற ஒன்றை இந்த வருஷம் படித்த பிறகுதான் எனக்கு இதில் பாதியாவது விளங்கியது. விளங்கியதை எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஏரியும் மடையும் வருகிறது, உங்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் அந்தக் கோடுகளின் கதை. செல்போனில் தெரியும் கோடு, டவரின் குரல் நமக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகிறது. நமக்குக் கொடுக்க டவரிடம் இடம் இருக்கிறதா என்பதை அது காட்டாது. பந்தியில் சாப்பாட்டு வாசனை வருவது வேறு, இலை கிடைப்பது வேறு இல்லையா? 4ஜி-யில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசை என்றால் அது தலா 180 கிலோஹெர்ட்ஸ் கொண்ட 50 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டு, அந்த ஒவ்வொரு பங்கிலும் "இந்தத் துண்டு இவருக்கு, அந்தத் துண்டு அவருக்கு" என்று டவரில் இருக்கும் ஷெட்யூலர் என்ற நிரல் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நூறு பேருக்கு இதில் வேலை நடக்கும். பௌர்ணமி கூட்டத்துக்கு என்ன நடக்கும்?

அதைவிட சுவாரஸ்யம், துண்டு கேட்பதற்கே முதலில் கை தூக்க வேண்டும் என்பது. கை தூக்குவதற்கென்று ஒரு செல்லில் மொத்தம் 64 குறிகள்தான். நம் போன் அதில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் காற்றில் வீசும். அதே நொடியில் வேறொரு போனும் அதே குறியை எடுத்துவிட்டால் இரண்டும் மோதும். டவருக்கு யார் கேட்டார் என்றே புரியாது. இரண்டும் சற்றுப் பொறுத்து மறுபடி கை தூக்கும். ஆயிரக்கணக்கான போன்கள் ஒன்றாகக் கை தூக்கினால், கை தூக்குவதிலேயே நேரம் போய்விடும். வட்டம் சுற்றுவது இதனால்தான்.

இதற்கு ஒரு பழைய வைத்தியமும் உண்டு. நம் ஒவ்வொரு சிம்முக்கும் 0 முதல் 9 வரை ஏதோ ஒரு வகுப்பு எண் இருக்கிறது. கூட்டம் தாங்காதபோது "இந்த எண்காரர்கள் இப்போது கை தூக்க வேண்டாம்" என்று டவர் அறிவிக்க முடியும். ரேஷன் கடையில் டோக்கன் போடுகிற மாதிரி. 11 முதல் 15 வரையுள்ள எண்கள் பாதுகாப்பு, அவசரப் பணி போன்றவர்களுக்கும் அந்தக் கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கும். நம் சிம்முக்குள் இப்படி ஒரு டோக்கன் ஒளிந்திருப்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரியும்!

சரி, எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் அம்மா செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை போட்டிருக்கிறார்கள். கடை என்றால் தள்ளுவண்டியும் ஒரு தார்ப்பாயும்தான். மாதத்தில் மற்ற நாள் வருமானம் பாலுக்கும் கேஸுக்கும் சரியாகப் போய்விடும். பௌர்ணமி இரவு ஒன்றுதான் வாடகை, ஃபீஸ் எல்லாம். தீபம் என்றால் அது வருஷத்துக்கே ஒரு நாள்.

2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு ஜனங்கள் சில்லறை எடுத்து வருவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் க்யூ.ஆர். அட்டை வாங்கி வண்டியில் ஒட்டினார்கள், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டியும் வாங்கினார்கள். மற்ற நாட்களில் அது கணீரென்று சொல்லும். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் மகாதீபம் ஏற்றியதும் "அரோகரா" என்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதோடு பெட்டி ஊமையாகிவிடும். 2025 டிசம்பர் 3 அன்றும் அப்படித்தான். டீ குடித்தவர் போனைக் காட்டுவார். "பாருங்கம்மா, ப்ராசஸிங்னு வருது." அம்மா என்ன செய்வார்கள்? பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். "சரி போயிட்டு வாங்க சாமி" என்று அனுப்பிவிட்டு பிஸ்கட் அட்டையின் பின்பக்கம் ஒரு கோடு போடுவார்கள். ராத்திரி முழுக்க அட்டையில் கோடு ஏறும். அதில் சிலது மறுநாள் விடிய வந்து சேரும். சிலது சேரவே சேராது. போனவர் நல்லவர்தான், மாலை போட்டுக்கொண்டு வந்தவர்தான். ஆனால் அவர் ஊருக்குப் போய்விட்டாரே!

(ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டு பக்தர்கள் மட்டும் அன்றைக்கு ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் அவர்கள்தான் நம்ம பாட்டி காலத்து ஆட்கள்.)

"நீதானே கம்ப்யூட்டர் படிக்கிற, ஏன் வரலன்னு சொல்லு" என்று அம்மா கேட்டார்கள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் மிக்ஸி நின்றாலும், கரண்ட் பில் அதிகம் வந்தாலும், நெட் வராவிட்டாலும் கேள்வி என்னிடம்தான் வரும். "கூட்டம் அதிகம்மா" என்றேன். அம்மா சும்மா விடவில்லை. "பக்கத்துல நிக்கிற தம்பி தீபத்தை வீடியோ எடுத்து அனுப்பிட்டேன்னு குதிக்கிறான். அவனுக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

நியாயமான கேள்வி. ஒரு டீக்கான பணத்தை அனுப்பத் தேவையான தகவல் சில கிலோபைட்தான். ஒரு நிமிட வீடியோ அதைப் போல ஆயிரக்கணக்கான டீப் பணம் போகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் வழியில் நிற்கும் ஸ்விட்சுக்கும் ரூட்டருக்கும் எது டீ, எது வீடியோ என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்காவிட்டால், வந்தது வந்தபடி வரிசையில் நிற்க வைக்கும். வரிசை நிரம்பினால் கடைசியில் வருவதைக் கீழே போடும். கீழே விழுந்தது பதினைந்து ரூபாயா, பாட்டா என்று அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் எஸ்.டி.என். வருகிறது. சார் வகுப்பில் "கண்ட்ரோல் பிளேன், டேட்டா பிளேன்" என்று இரண்டு பெட்டி வரைந்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அம்மாவின் அப்பா தண்டராம்பட்டு பக்கத்தில் ஒரு கிராமத்தில் நீர்க்கட்டியாக இருந்தவர். சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. ஆனால் ஏரியின் மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். தண்ணீர் குறையும் காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாழிகை, அதற்கப்புறம் அடுத்தது. அவரவர் மண்வெட்டியை எடுத்து அவரவர் வயலுக்கு வெட்டிவிட்டால் தலைமடைக்காரன் வயல் நிறையும், கடைமடைக்காரன் வயல் வெடிக்கும். தாத்தாவுக்கு மொத்த ஆயக்கட்டும் மனசில் இருக்கும். யார் பயிர் கதிர் விட்டிருக்கிறது, யார் இப்போதுதான் நாற்று நட்டிருக்கிறார், ஏரியில் இன்னும் எத்தனை முழம் தண்ணீர் இருக்கிறது, எல்லாம். மடைக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. திற என்றால் திறக்கும், மூடு என்றால் மூடும்.

மடைதான் டேட்டா பிளேன். தாத்தாதான் கண்ட்ரோல் பிளேன். பழைய நெட்வொர்க்கில் ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் மடையும் இருக்கும், ஒரு சின்ன தாத்தாவும் இருப்பார். அந்தத் தாத்தாக்கள் ஒருவருக்கொருவர் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த வரை முடிவெடுப்பார்கள். எஸ்.டி.என். என்ன சொல்கிறதென்றால், தாத்தாக்களை எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே எடு, ஒரே இடத்தில் கண்ட்ரோலர் என்ற மென்பொருளாக வை, அது மொத்த ஆயக்கட்டையும் பார்த்து ஒவ்வொரு மடைக்கும் உத்தரவு அனுப்பட்டும் என்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்ற ஆராய்ச்சி மாணவர் 2007-இல் 'ஈத்தேன்' என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார். 2008-இல் அவருடைய பேராசிரியர் நிக் மெக்கியோனும் மற்றவர்களும் சேர்ந்து 'ஓப்பன்ஃப்ளோ' என்ற பொது மொழியை வெளியிட்டார்கள். எந்தக் கம்பெனி ஸ்விட்சாக இருந்தாலும் இந்த மொழி தெரிந்தால் ஒரே கண்ட்ரோலரின் பேச்சைக் கேட்கும். அந்தக் கட்டுரை எழுதப்பட்டது பெரிய கம்பெனிகளுக்காக இல்லை, கல்லூரி வளாக நெட்வொர்க்கில் மாணவர்கள் புதுசு புதுசாகச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காக. இதைப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது.

நம்ம லேபில் ஓப்பன்ஃப்ளோ ஸ்விட்ச் ஏது? தேவையில்லை. 'மினிநெட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதுவும் ஸ்டான்ஃபோர்டில் பிறந்ததுதான். ஒரே கம்ப்யூட்டருக்குள் பத்து ஸ்விட்ச், இருபது மெஷின் இருப்பது போலப் பொய்யாக ஒரு ஊரையே கட்டிவிடும். ஆனால் அந்தப் பொய்க்குள் ஓடும் பாக்கெட் நிஜம். கண்ட்ரோலருக்கு ஜப்பானின் என்.டி.டி. உருவாக்கிய 'ரியு' எடுத்துக்கொண்டோம். அதற்காகப் பழைய பைத்தான் ஒன்றைத் தேடி இறக்கவே இரண்டு மதியம் போனது.

எங்கள் மினி ப்ராஜெக்டில் நான்கு பேர். எட்டு ஸ்விட்சுகளை வட்டமாக இணைத்தோம். ஏன் எட்டு என்று கேட்கவே வேண்டாம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்கள்! இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம். அக்னி லிங்கத்தில் அம்மா கடையின் போனை மாட்டினோம். ரமணாசிரமம் அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவில்தானே வருகிறது. இந்திர லிங்கத்தில் பேங்க்கை வைத்தோம்.

வட்டத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சாதாரண ஸ்விட்சுகளை வட்டமாக மாட்டி, "இன்னார் எங்கே இருக்கிறார்?" என்று ஒரே ஒரு பாக்கெட்டைப் பொதுவாக விட்டால், அது எல்லாப் பக்கமும் நகல் எடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கவே நிற்காது. சார் இதைச் செய்தே காட்டினார், ஒரு நொடியில் கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. இதைத் தடுக்க 'ஸ்பானிங் ட்ரீ' என்ற பழைய முறை, வட்டத்தில் ஏதாவது ஒரு இணைப்பை அடைத்துவிடும். இந்திரனைத் தலைவராக வைத்தபோது வருணனுக்கும் வாயுவுக்கும் நடுவில் அடைத்தது. விளைவு என்ன? வருண லிங்கத்திலிருந்து பக்கத்திலிருக்கும் வாயு லிங்கத்துக்கு ஒரு பாக்கெட் போக வேண்டுமானால் திரும்பி நிருதி, எமன், அக்னி, இந்திரன், ஈசான்யம், குபேரன் என்று ஏழு கட்டம் நடக்க வேண்டும். கிரிவலத்தில் திரும்பி நடக்கக் கூடாது என்று எந்த ஸ்விட்சுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது! போட்ட இணைப்பு ஒன்று காலியாகக் கிடக்க, மற்றது நெரிசலில் தவிக்கும்.

கண்ட்ரோலர் இருந்தால் எதையும் அடைக்க வேண்டியதில்லை. அதற்கு முழு வட்டமும் தெரியும். ஒவ்வொரு இணைப்பையும் 10 மெகாபிட் வேகத்துக்குக் குறுக்கிவிட்டு, அக்னியிலிருந்து இந்திரனுக்கு 12 மெகாபிட் 'வீடியோ'வை வேண்டுமென்றே அனுப்பினோம். கூடவே அம்மாவின் சின்னச் சின்னப் பணப் பாக்கெட்டுகள். விதி ஏதும் இல்லாமல் விட்டபோது பணம் தாமதித்தது, நிறைய தொலைந்தே போனது. பிறகு கண்ட்ரோலரில் ஒரு விதி எழுதினோம். குறுக்கு வழி நிரம்புகிற மாதிரி இருந்தால், சிறு பாக்கெட்டுகள் அக்னியிலிருந்து நேரே இந்திரனுக்குப் போகட்டும். வீடியோவின் ஒரு பகுதி எமன், நிருதி, வருணன் என்று சுற்றிக்கொண்டு ஈசான்யம் வழியாக வரட்டும். சுருக்கமாகச் சொன்னால், வீடியோ கிரிவலம் போகட்டும்! அதற்கு என்ன அவசரம்?

வேலை செய்தது நண்பர்களே. பணப் பாக்கெட் ஒன்று கூட விழவில்லை. வீடியோவும் போய்ச் சேர்ந்தது, கொஞ்சம் களைத்து.

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் கூகுள் கம்பெனிக்காரர்கள். தங்கள் டேட்டா சென்டர்களை இணைக்கும் உலகளாவிய நெட்வொர்க்கை எஸ்.டி.என். முறைக்கு மாற்றி, அதன் விவரத்தை 2013-இல் 'பி4' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட தொலைதூர இணைப்புகளைப் பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான் நிரப்புவார்களாம், அவசரத்துக்கு மிச்சம் இருக்கட்டும் என்று. அவர்கள் பல இணைப்புகளை 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக் காட்டினார்கள். எப்படி? எது அவசரம், எது பொறுக்கும் என்று கண்ட்ரோலருக்குத் தெரியும். நெருக்கடி வந்தால் பொறுக்கக் கூடியதை ஒதுக்கிவிடலாம். தாத்தாவின் முறைத் தண்ணீர்தான் இது!

இவ்வளவையும் வீட்டில் போய் அம்மாவிடம் விளக்கினேன். மடை, தாத்தா என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "எல்லாத்துக்கும் ஒருத்தரையே கேக்கணும்னு வச்சிட்டியே, அவருக்கு ஜுரம் வந்தா?"

எஸ்.டி.என். படித்த பெரியவர்கள் பதினைந்து வருஷமாக அடித்துக்கொள்ளும் கேள்வி இதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு 2019 ஜூன் 2-ஆம் தேதி நடந்ததைப் படிக்கச் சொன்னார். அன்று கூகுளின் சில இடங்களில் பராமரிப்பு வேலைக்கான தானியங்கி நிரல், நெட்வொர்க்கின் கண்ட்ரோலர்களையே நிறுத்திவிட்டது. கண்ட்ரோலர் போனதும் நெட்வொர்க் உடனே சாகவில்லை. கடைசியாகக் கொடுத்த உத்தரவை வைத்துக்கொண்டு சில நிமிஷம் ஓடியது. அதற்குப் பிறகு பாதைகள் திரும்பப் பெறப்பட்டு கொள்ளளவு சுருங்கிவிட்டது. யூடியூப், ஜிமெயில் என்று பலதும் பல பேருக்குத் தடுமாறி, சரியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பழுது பார்க்கிறவர்களின் கருவிகளும் அதே நெரிசலான நெட்வொர்க்கில்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த நெரிசலிலும் பெரிய, பொறுக்கக் கூடிய பாக்கெட்டுகளைக் கீழே போட்டு, சின்ன, அவசரப் பாக்கெட்டுகளைக் காப்பாற்றியது அந்த நெட்வொர்க். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த விதி, தலை இல்லாதபோதும் வேலை செய்தது.

அப்போதுதான் தாத்தாவைப் பற்றி அம்மா சொன்ன இன்னொரு விஷயத்தின் அருமை புரிந்தது. மழைக்காலத்தில் தாத்தா ஒவ்வொரு வாய்க்கால் முனையிலும் ஒரு பையனை உட்கார வைப்பாராம். "கரை கசிஞ்சா என்னைத் தேடி ஓடி வராத. முதல்ல இந்த மதகை அடைச்சிட்டு அப்புறம் வந்து சொல்லு" என்பாராம். யாருக்கு எத்தனை நாழிகை என்பது தாத்தா முடிவு. உடைப்பை அடைப்பது பையன் முடிவு. ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வருவதற்குள் ஏரியே போய்விடும்.

எங்கள் எட்டு லிங்கத்தில் இதைச் செய்து பார்த்தோம். கண்ட்ரோலரை நிறுத்தினால் ஸ்விட்ச் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு விதமாகச் சொல்லி வைக்கலாம். ஒன்று, கடைசி உத்தரவுகளை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடு. மற்றொன்று, நீயே சாதாரண ஸ்விட்சாக மாறிக்கொள். இரண்டாவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வட்டத்தில் எல்லோரும் சாதாரண ஸ்விட்சாக மாறினால் அந்தப் பழைய சுழல் வந்து எல்லாம் உறைந்துவிடும். முதலாவதில் புது வாடிக்கையாளருக்கு வழி கிடைக்காது, நடுவில் ஒரு ஒயர் அறுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். (ஒயர் ஏன் அறும் என்கிறீர்களா? ஆசிரமத்துப் பக்கம் வந்து பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் கேபிளில் ஊஞ்சலாடும் குரங்குகளைக் காட்டுகிறேன்.) மூன்றாவது வழிதான் பையன் வழி. ஓப்பன்ஃப்ளோவின் 1.1 பதிப்பிலிருந்து ஒரு வசதி உண்டு. "இந்தப் பக்கம் ஒயர் செத்தால் என்னைக் கேட்காதே, அந்தப் பக்கம் அனுப்பு" என்று மாற்று வழியை ஸ்விட்சிடமே முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். கொடுத்து வைத்துவிட்டு அக்னிக்கும் இந்திரனுக்கும் நடுவே இணைப்பை அறுத்தோம். கண்ட்ரோலரும் ஓடவில்லை. பணம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது.

இது வெறும் லேப் விளையாட்டு இல்லை. 2018-இல் தொடங்கிய ஓ-ரான் என்ற கூட்டமைப்பு, செல்போன் டவர்களின் காற்று வழிப் பங்கீட்டுக்கே இப்படிக் கண்ட்ரோலர் வகுத்திருக்கிறது. அதில் வேலையை நேரத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நொடிக்கு மேல் பொறுக்கும் முடிவுகளுக்கு ஒரு கண்ட்ரோலர். பத்து மில்லி நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் வேண்டியதற்கு இன்னொன்று. அதைவிட அவசரமானது டவரிடமே இருக்கும். ஒரு பெரியவர், ஒரு மேஸ்திரி, ஒரு பையன்!

நம்ம ஊரே இதை வருஷா வருஷம் செய்கிறது. தீபத்துக்கு வரும் பஸ்களை ஊருக்குள் விடாமல், வேலூர் ரோடு, செங்கம் ரோடு, வேட்டவலம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு என்று ஊருக்கு வரும் சாலைகளின் வெளி எல்லையிலேயே தற்காலிக பஸ் நிலையம் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். நெரிசல் கோயில் வாசலில் வந்த பிறகு லத்தியை எடுத்துப் பிரயோஜனம் இல்லை. ஊர் எல்லையிலேயே தடுக்க வேண்டும். எந்தச் சாலையை எப்போது திருப்ப வேண்டும் என்பது கண்ட்ரோல் ரூம் முடிவு. மயங்கி விழுந்த பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது தடுப்புக் கட்டை பக்கம் நிற்கும் போலீஸ்காரர் முடிவு. அவர் வயர்லெஸில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் குழுவிலேயே சண்டை வந்துவிட்டது. பணம் முதலில், வீடியோ பிறகு என்ற விதியை எழுதியது யார்? நான். ஏன்? எங்கள் அம்மா டீக்கடை. குழுவில் இருக்கும் ஒரு நண்பனின் அண்ணன் சவுதியில் வேலை செய்கிறார். தீபத்தை அவருக்கு வீடியோ காலில் காட்டுவதுதான் அவன் வீட்டில் அந்த நாளின் முக்கியமான வேலை. "எங்கம்மா அழுதுகிட்டே அவர்கிட்ட தீபத்தைக் காட்டுவாங்க. உன் பதினஞ்சு ரூபா அதைவிடப் பெரிசா?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுசாக முடியவில்லை.

கம்பெனிகள் காசு கொடுத்தவரின் பாக்கெட்டை முன்னால் விடக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் பேசியாகிவிட்டது. டிராய் 2017-இல் பரிந்துரை செய்து, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை இணைய சமநிலைக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதிலும் நெரிசலைச் சமாளிக்க நியாயமான நிர்வாகம் செய்யலாம், அவசரச் சேவைகளுக்கு விலக்கு உண்டு என்று இடம் இருக்கிறது. அவசரம் எது என்பதில் சிலதுக்கு வாதமே கிடையாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் நம் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்களே, அப்படி ஒரு நாளில் 108-க்கும் 112-க்கும் போகிற அழைப்புக்கு முன்னால் டீயும் நிற்கக் கூடாது, தீபமும் நிற்கக் கூடாது. அதற்குக் கீழே வருகிற வரிசைதான் சிக்கல். டீக்காசா, அண்ணன் முகமா, கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர் அனுப்பும் போட்டோவா? கண்ட்ரோலர் எழுதினபடி செய்யும். எழுதுகிறவரிடம் யார் கேட்பது?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எட்டாம் வகுப்பிலோ என்னவோ மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கி.பி. 919, 921, முதலாம் பராந்தக சோழன் காலம். ஏரி வாரியத்துக்கு 6 பேர். குடவோலையில் பெயர் எடுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். 360 நாள்தான் பதவி. அப்போது பரீட்சைக்காகப் படித்தது. தண்ணீரைத் திறக்கிற ஆளுக்கு மேலே, விதியை எழுதுகிற ஆட்களை வருஷா வருஷம் மாற்றியிருக்கிறார்கள் என்பது இந்த ப்ராஜெக்ட் சண்டையின்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில் நாங்களும் அதையே செய்தோம். வாரத்துக்கு ஒருவர் விதி எழுதுவது, மற்ற மூவரும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது. நண்பன் எழுதின விதியில் வீடியோ காலுக்குக் கொஞ்சம் இடம் நிச்சயம் ஒதுக்கி, பதிவு செய்து அனுப்பும் வீடியோவை மட்டும் கிரிவலம் அனுப்பினான். உண்மையைச் சொன்னால் அது என் விதியைவிட நன்றாக இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் அடுத்த தீபத்துக்கு அம்மாவின் பெட்டி பேசுமா என்றால், பேசாது. எங்கள் விதி லேப் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, டவர் வேறு யாரிடமோ இருக்கிறது. தவிர, எந்த மென்பொருளும் 50 துண்டை 51 ஆக்காது. யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். அம்மா அதற்குள் தன் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். பத்து ரூபாய் நாணயமாக முந்நூறு ரூபாய் சில்லறை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ப்ராஜெக்டில் மிச்சம் இருப்பது இரண்டாவது கண்ட்ரோலர். முதலாவதுக்கு ஜுரம் வந்தால் இது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் 'நான்தான் தலைவர்' என்று சண்டை போடவும் கூடாது. லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றே இரண்டையும் தாங்கவில்லை. சார் இன்னொரு பழைய மெஷின் கேட்டு எழுதியிருக்கிறார். வந்ததும் செவ்வாய், வியாழன் மூன்றரை மணிக்கு மேல் உட்காருவோம். ஒயரைப் பிடுங்கிப் பார்க்க ஆள் வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும், முதல் வருஷத் தம்பி தங்கைகளானாலும் வரலாம்.